காலிக்குடக் கிரிவலம்

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு எழுத்தையும் மீதிப் பேருக்குப் பிரம்பையும் அறிமுகம் செய்துவைத்த, இந்த விழாவின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாம்பமூர்த்தி ஐயா அவர்களே! தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் வாசலுக்கும், மற்ற நாட்களில் சுவரொட்டியிலும் வந்து சிரிக்கின்ற வார்டு உறுப்பினர் தம்பி காசி அவர்களே! குழாயை நட்டு, குழாய்க்குப் பூ வைத்து, பொட்டு வைத்து, பெண் பார்க்க வந்தவர்போல் பக்கத்திலேயே நிற்கின்ற உதவிப் பொறியாளர் அறிவுச்செல்வன் அவர்களே! மைக்கை நீட்டினால் மலையையே பேசவைத்துவிடும் தொலைக்காட்சி நிருபர் பிரசாத் அவர்களே! பெரியோர்களே! குடத்தை இடுப்பிலும் குடும்பத்தைத் தோளிலும் சுமக்கின்ற செங்கழுநீர்த் தெருத் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சந்திரம்மாளின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

என்னை நன்றி சொல்ல அழைத்திருக்கிறார்கள். இரண்டே நிமிடம் என்றார்கள். காசி முக்கால் மணி நேரம் பேசினார்; அது வரவேற்புரையாம்! அவர் வீட்டுக்கு நாம் வந்ததுபோல் நம் தெருவில் நம்மை வரவேற்றார். பேசலாம், தப்பில்லை. ஆனால் எனக்கு மட்டும் ஏன் இரண்டு நிமிடம்? ஐந்தாம் வகுப்புப் படித்தவளிடம் அதற்குமேல் என்ன சரக்கு இருக்கும் என்ற எண்ணமா? ஐயா, நான் படித்தது ஐந்துதான். ஆனால் அந்த ஐந்தை முழுசாகப் படித்தவள். நாள்தோறும் செய்தித்தாளைத் தெருவுக்கே கேட்கும்படி, முதல் பக்கத்து முழக்கம் முதல் கடைசிப் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலி வரை வாசிக்கிறவள். என் பேத்தி மதிவதனி பொறியியல் படிக்கிறாள். அவளுக்குச் சந்தேகம் வந்தால் கூகுளைக் கேட்பாள். கூகுளின் மேல் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பாள்!

கைதட்டல் போதும். இரண்டு நிமிடத்தில் அரை நிமிடத்தை நீங்களே தட்டித் தீர்த்துவிடாதீர்கள்.

தாய்மார்களே, நம் தெருவின் பெயரில் நீர் இருக்கிறது. தெருவில் இருக்கிறதா? செங்கம் சாலையில் பெரிய குழாய் போகிறது. நம் தெரு முனைக்கும் அந்தக் குழாய்க்கும் இடைவெளி எவ்வளவு? பதினோரு அடி! ஒரு புடவையை விரித்தால் எட்டிவிடும் தூரம். நிலவுக்கு வண்டி விட்ட நாடு இது. அந்தப் பதினோரு அடியைத் தாண்டப் பன்னிரண்டு ஆண்டுகள் மனு எழுதினோம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. பரிசீலனைதான் வந்தது, பைப்பு வரவில்லை. நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் லாரி. அது காலை ஏழுக்கும் வரும், பத்துக்கும் வரும். கல்யாண மாப்பிள்ளைகூட அவ்வளவு காக்கவைக்க மாட்டான்.

அதோ, மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவையில் பொன்னி. எழுந்து நில்லம்மா. வெட்கப்படாதே, திருடியவர்களே நிமிர்ந்து நிற்கிற காலம். இவள் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். ஏழரைக்கு அங்கே நிற்க வேண்டும். அங்கே குளியலறைக்குக் குளியலறை பூமழைபோல் தண்ணீர் கொட்டுகிறது. அதைத் துடைக்கிறவள் வீட்டில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லை. லாரிக்காகக் காத்திருந்து ஐந்து முறை தாமதம். விடுதிக்காரர் என்ன சொன்னாராம்?

"தண்ணி லாரிக்கு நீ வெயிட் பண்ணு பொன்னி. உன் வேலைக்கு வேற ஆளு வெயிட் பண்றாங்க. இந்த மாசத்தோட பாத்துக்க."

மாதம் முடிய ஆறு நாள் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் சாப்பிடுவது அந்த ஒரு வேலையில். இதுதான் விஷயம்; மற்றதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையையும் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. எழுதி எழுதிக் கை வலிக்கிறது, நேரிலேயே போவோம் என்று பதினெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு காலிக்குடத்தோடு வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்துக்குப் புறப்பட்டோம், மனு கொடுக்க. குறைதீர்க்கும் நாளைப் பார்த்தோம். பஞ்சாங்கத்தைப் பார்க்க மறந்தோம். அன்றைக்குப் பௌர்ணமி! இந்த ஊரிலே பிறந்து, இந்த மலையைப் பார்த்தே பல் விளக்கி, பௌர்ணமியை மறந்த பதினெட்டுப் பேர் நாங்கள்தான்.

செங்கம் சாலை முழுக்கத் தலை. பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. ஊர்ப் பக்கம் திரும்பினோம். தடுப்பு வேலிக்கு அருகில் நின்ற போலீஸ் தம்பி கையை நீட்டினார்.

"எம்மா, எதிர்ல போகக் கூடாது. எல்லாரும் போற பக்கமே போங்க."

"தம்பி, நாங்க சாமிக்குப் போகலப்பா. மனு குடுக்கப் போறோம்."

"மனுவோ சாமியோ, சுத்திதாம்மா போகணும்!"

சுற்றினோம். மலையைச் சுற்றினோம். மனுவைக் கையில் பிடித்து, குடத்தை இடுப்பில் வைத்து, லிங்கம் லிங்கமாகக் கும்பிட்டு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் பூட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. புண்ணியம் கிடைத்தது, முத்திரை கிடைக்கவில்லை!

அந்த வழியில்தான் இதோ அமர்ந்திருக்கிற பிரசாத் தம்பி எங்களைப் பிடித்தார். பொன்னியிடம் மைக்கை நீட்டினார்.

"அக்கா, இது என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் எல்லாம் இல்லப்பா. தெருவுக்குத் தண்ணி வேணும். மனு குடுக்கப் போறோம்."

மறுநாள் தொலைக்காட்சியில் என்ன வந்தது? பொன்னியின் முகம் வந்தது. பொன்னியின் பேச்சு வரவில்லை! வீணை வாசித்தார்கள். ஒரு கனத்த குரல் சொல்லியது: "காலிக்குடம் சுமந்தால் நிறைகுட வாழ்வு! அண்ணாமலையில் பெண்களின் அதிசயக் கிரிவலம்!" அன்று பகலெல்லாம் விவாதம். நான்கு கட்டத்தில் நான்கு நிபுணர்கள். ஒருவர் இது பழைய மரபு என்றார். ஒருவர் மூடநம்பிக்கை என்றார். ஒருவர் ஆளுங்கட்சியின் சதி என்றார். ஒருவர் எதிர்க்கட்சியின் சதி என்றார். நான்கு பேர் தொண்டை வறளக் கத்தினார்கள். நான்கு பேர் மேசையிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று ஒருவராவது சொன்னாரா?

அடுத்த பௌர்ணமி. அடேயப்பா! ஆந்திராவிலிருந்து குடம், பெங்களூரிலிருந்து குடம், சென்னையிலிருந்து கார் டிக்கி நிறையக் குடம்! பச்சைக் குடம் என்றால் கல்யாணம், மஞ்சள் குடம் என்றால் வேலை, சிவப்புக் குடம் என்றால் விசா. ஒரு வெள்ளைக்காரர் குடத்தைத் தலையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு போனார். வெயிலுக்கா விரதத்துக்கா தெரியவில்லை. காசி வந்தார். வெள்ளிக் குடம், அதற்கு ஒரு மாலை, அதைச் சுமக்க ஓர் ஆள்! எதிர்க்கட்சிக்காரர் விடுவாரா? இரண்டு குடத்தோடு வந்தார்.

கூட்டம் எங்கள் தெருவிலிருந்துதான் நடக்கத் தொடங்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்! பன்னிரண்டு ஆண்டில் வராத அதிகாரிகள் பன்னிரண்டு மணி நேரத்தில் வந்தார்கள். ஐயாயிரம் லிட்டர் தொட்டி வந்தது. அதன்மேல் பலகை: "காலிக்குட பக்தர்கள் வசதிக்காக." நாங்களும் பிடித்தோம். அண்டாவில் பிடித்தோம், குண்டாவில் பிடித்தோம், இட்லிச் சட்டியில் பிடித்தோம். மறுநாள் காலை தொட்டியைக் கழற்றிப்போக ஆள் வந்துவிட்டார்.

"ஏம்பா கழட்டற?"

"பக்தருங்க எல்லாம் போயிட்டாங்களேம்மா."

"அப்ப நாங்க யாரு?"

"நீங்க லோக்கலு!"

கேட்டீர்களா? உள்ளூரில் பிறந்தது ஒரு குற்றமா? ஒரு நாள் வந்து போகிறவருக்கு விளக்கு, கழிப்பறை, மருத்துவ முகாம், மோர். வேண்டும், வந்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் வந்தவரைக் கும்பிடுகிற கை, வாழ்கிறவரை வழிமறிக்கலாமா? தொட்டியைச் சுற்றிப் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்துவிட்டோம். காசி ஓடிவந்து, "ஆத்தா, எழுந்திரு ஆத்தா, குழாயே போட்டுத் தரேன்"னு சொன்னார். அந்தக் குழாய்க்குத்தான் இன்றைக்குத் திறப்பு விழா.

பொறுங்கள், இன்னும் தட்டாதீர்கள். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காசியின் குற்றமில்லை, என் குற்றம்.

இரண்டாவது பௌர்ணமியன்று பிரசாத் என்னிடம் வந்தார். "இந்த வழிபாட்ட ஆரம்பிச்சதே நீங்கதானாமே பாட்டி?" என்று கேட்டார். இல்லையப்பா, அது வழிபாடே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்ததும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாப்பா! குடத்த மட்டும் கவுக்கக் கூடாது, பலன் கொட்டிடும்"னு சொன்னேன்! யார் கேட்டார்கள் என்னை? சும்மா நின்ற சாத்திரத்துக்கு நானே ஒரு விதி எழுதினேன். சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. பெருமையாக இருந்தது. செய்தித்தாளில் அரசியல்வாதி பொய் சொன்னால் உரக்க வாசித்து ஏசுகிறவள், என் வாய்க்கு நேரே ஒரு மைக் வந்ததும் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். சிரியுங்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொய்யால்தான் இன்றைக்கு இந்தப் பொய் வந்தது.

எந்தப் பொய் என்கிறீர்களா? காசி குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. கேமரா மின்னியது. நானும் கைதட்டினேன். தட்டும்போது பந்தலுக்குப் பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. குழாயைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனேன். குழாய் எங்கே போகிறது? பெரிய குழாய்க்கா? பதினோரு அடி அப்படியே இருக்கிறது. நீல ரப்பர்க் குழாய் வழியே அது போய் முடிகிற இடம் தண்ணீர் லாரி! டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"விழா முடியற வரைக்கும் தண்ணி வுடச் சொன்னாங்கம்மா. சீக்கிரம் முடிங்க. அடுத்த தெருவுலயும் ஒரு திறப்பு விழா கீது."

என்ன காசி, துண்டுச்சீட்டு அனுப்புகிறீர்? படிக்கட்டுமா? "நேரமாகிவிட்டது, முடிக்கவும்." நேரமானது உண்மைதான் தம்பி. பன்னிரண்டு ஆண்டாகிவிட்டது! தலைவர் ஐயா மணியடிக்கக் கையைக் கொண்டுபோகிறார்... இல்லை, மணியைத் தள்ளி வைத்துவிட்டார். நல்லாசிரியர் என்றால் இவரல்லவா நல்லாசிரியர்!

பிரசாத் தம்பி, கேமராவை இங்கே திருப்பு. இந்த முறை வீணை வேண்டாம். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். ஆந்திராவில் இருப்பவரும் கேட்கட்டும், சென்னையில் இருப்பவரும் கேட்கட்டும். காலிக்குடம் தூக்கினால் கல்யாணமும் நடக்காது, விசாவும் வராது. அது வேண்டுதல் இல்லை, மனு! பிள்ளை வரம் கேட்கலாம் அண்ணாமலையாரிடம். பிணி தீரக் கேட்கலாம் அண்ணாமலையாரிடம். பைப்பைக்கூட அவரிடமா கேட்பது? பதினோரு அடி பள்ளம் தோண்ட அவர் என்ன மண்வெட்டியோடா இறங்கி வருவார்? சாமியிடம் கேட்பது பக்தி. சர்க்காரிடம் கேட்பது பாத்தியதை. பக்திக்குப் பணிந்து நிற்க வேண்டும். பாத்தியதைக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும்! வாக்குப் போடும்போது வரிசையில் நிற்கிறோம், வரி கட்டும்போது வரிசையில் நிற்கிறோம். வாய்க்குத் தண்ணீர் கேட்கும்போது மட்டும் வரம் கேட்பவர்போல் நிற்க வேண்டுமா?

பொறியாளர் தம்பி, பயப்படாதீர். உம்மை ஏசவில்லை. உம்மைப் பார்த்தால் நல்ல வீட்டுப் பிள்ளையாகத் தெரிகிறது. ஒரே கேள்வி. பதினோரு அடி எப்போது தோண்டுவீர்? மைக்கைக் கொடுங்கப்பா அவரிடம்.

"அம்மா... ரோடு வெட்ட பர்மிஷன் நேத்துதான் வந்துச்சு. வியாழக்கிழமை தோண்டிடறோம்."

பர்மிஷன் வந்துவிட்டதாம்! அப்புறம் ஏன் தம்பி இந்த லாரி?

"விழாவுக்குத் தேதி முன்னாடியே குடுத்துட்டாங்கம்மா."

காசி, தலையைக் குனியாதீர். சிரித்தால் போதும். சரி, வியாழன் வரை பொன்னி என்ன செய்வாள்? ஒரு வழி சொல்கிறேன். பந்தலுக்குப் பின்னால் நிற்கும் லாரி அங்கேயே நிற்கட்டும். விழாவுக்கு ஊட்டிய தண்ணீரை வீட்டுக்கும் ஊட்டட்டும். தினம் காலை ஆறு மணிக்குத் தண்ணீர். சம்மதமா, காசி? தலையாட்டுகிறார். பிரசாத், தலையாட்டியதைப் பிடித்தாயா? பிடித்துவிட்டாராம். இதை வெட்டாமல் போடு தம்பி. வெட்டினால் உன் வீட்டு வாசலில் பதினெட்டுப் பேர் உட்காருவோம்.

அவையோர்களே! பொறுமையோடு இருந்த தலைவர் ஐயாவுக்கும், வாக்குக் கொடுத்த பொறியாளருக்கும், வாக்கு வாங்கப்போகிற காசிக்கும், பந்தல் போட்டவருக்கும், டீயை ஆறவிட்டுக் காத்திருக்கும் லாரி டிரைவருக்கும் செங்கழுநீர்த் தெருவின் நெஞ்சார்ந்த நன்றி. இதுவரை நடந்தது ஒத்திகை. திறப்பு விழா நாளைக் காலை ஆறு மணிக்கு. ரிப்பன் இல்லை, பொன்னாடை இல்லை, வரவேற்புரை கிடையவே கிடையாது. சிறப்பு விருந்தினர் பொன்னி. அவள் குழாயைத் திறப்பாள், குடத்தை நிரப்புவாள், ஏழரைக்கு வேலைக்குப் போவாள். எல்லோரும் வந்துவிடுங்கள். வணக்கம்!