ஜாங்கிரி வரும்போது கைதட்டாதீர்கள்

வாய் பேசாத உயிர்களின் வலியை நாற்பது ஆண்டுகள் தொட்டுத் தொட்டே அறிந்த கால்நடை மருத்துவர், இந்த நாய் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் கோதண்டராமன் ஐயா அவர்களே! பந்தயம் நடத்த இடம் கேட்டபோது, தம் மாந்தோப்பையே மைதானமாக்கித் தந்த திருப்போரூர்ப் பெரியவர் சடையப்பன் ஐயா அவர்களே! படிவம் என்றால் புலியாகவும், பஜ்ஜி என்றால் பூனையாகவும் மாறுகிற... சிரிக்காதீர்கள், அவரே சிரித்துவிட்டார்... எங்கள் செயலாளர் காசிநாதன் அண்ணன் அவர்களே! செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் இடுப்பில் பிள்ளையும் கையில் கயிறுமாக வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்தப் பேச்சு எப்போது முடியும் என்று கொட்டாவி விடுகிற நாலுகால் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் கைகளைக் கூப்பி வணக்கம் சொல்கிறேன்.

  

என் பெயர் ரேணுகா. தாவரவியல் படித்தவள். சிறுசேரியில் குடியிருப்பவள். ஏழு வயது ரக்ஷாவுக்குத் தாய். நான்காம் ஆண்டு நாய்ப் போட்டியைத் தொடங்கிவைத்து, 'வெற்றி நமதே' என்று முழங்கச் சொல்லித்தான் என்னை மேடை ஏற்றினார்கள். மன்னிக்க வேண்டும், எனக்கு முழக்கம் வரவில்லை. நான் ஓர் அச்சத்தைச் சுமந்து வந்திருக்கிறேன். அதை உங்கள் முன் இறக்கிவைத்துவிட்டுப் போகத்தான் இங்கே நிற்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தவன் பல்லவன், ராஜபாளையத்து வெள்ளை. என்ன ஐயா கேட்கிறீர்கள்? பழைய மெட்ராஸ் பஸ் பெயரா? ஆமாம், பொருத்தமான பெயர்தான். இவனும் நிறுத்தத்தில் நிற்க மாட்டான்! கூட்டம் கூவக் கூவ இவன் கால்களுக்குச் சிறகு முளைக்கும். கம்பைத் தாண்டச் சொன்னால் காற்றைத் தாண்டுவான். வீட்டு அலமாரியில் இருக்கும் மூன்று கோப்பையும் அவன் வாங்கியவை.

இளையவள் ஜாங்கிரி. சிறுசேரி பஸ் நிறுத்தத்தில் எல்லம்மாள் அம்மாவின் டீக்கடைப் பலகைக்கு அடியில் சுருண்டு கிடந்தவள். "எட்த்துகினு போ கண்ணு, இங்க இருந்தா எதுனா வண்டி இதும்மேல ஏறிடும்" என்று அந்த அம்மாதான் என் கையில் கொடுத்தார். அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான்! பழுப்பு நிறம், சுருண்ட வால். ரக்ஷா பார்த்தவுடன் பெயர் வைத்துவிட்டாள். பயந்தால் மட்டும் அந்தச் சுருள் பிரிந்து வால் கால்களுக்கிடையே போய்விடும்.

மூன்று மாதம் பயிற்சி கொடுத்தேன். துடைப்பக் குச்சியைக் கட்டித் தாண்டும் கம்பு செய்தேன். பிளாஸ்டிக் டிரம்மின் இரு பக்கமும் அறுத்துச் சுரங்கம் செய்தேன். 'வா' என்றால் வந்தாள். 'தாண்டு' என்றால் தாண்டினாள். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நான், ரக்ஷா, ஜாங்கிரி மூவரைத் தவிர யாருமில்லை. மூன்று பேரின் மௌனத்தில் பழகியவளை முந்நூறு பேரின் முழக்கத்தில் நிறுத்தலாமா என்று நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை. சென்ற ஆண்டுப் படிவத்தில் 'இலக்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. பல்லவனுக்கு 'முதல் பரிசு' என்று எழுதினேன். அதே பேனாவால், அதே வேகத்தில், ஜாங்கிரிக்கும் 'முதல் பரிசு' என்றே எழுதினேன். படித்தவள் நான்! ஒரே தொட்டியில் கள்ளியையும் தாமரையையும் நட மாட்டேன். நாய்க்கு மட்டும் எப்படி நட்டேன்?

காலையில் பல்லவன் கோப்பை வாங்கினான். பிற்பகலில் ஜாங்கிரியின் முறை. முதல் கம்பைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவதையும் தாண்டினாள். நான்காவதன் முன்னே நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். 'சரியா அம்மா?' என்று கேட்கிற பார்வை. நான் 'வா' என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கோப்பை என் கண்ணை மறைத்தது. பந்தயத்தில் எல்லோரும் கத்துகிற அந்தச் சொல்லைக் கத்தினேன். நீங்களும் என்னோடு சேர்ந்து கத்தினீர்கள். அன்பால் கத்தினீர்கள், ஆசையால் கத்தினீர்கள்.

எந்தச் சொல் என்கிறீர்களா? சொல்ல மாட்டேன் ஐயா. ஒலிபெருக்கி ஒன்று வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது, அதன் அடியில்தான் ஜாங்கிரி இருக்கிறாள். இரண்டே எழுத்து. முன்னே ஒரு 'ஓ', பின்னே ஒரு 'டு'. நீங்களும் மனத்துக்குள் மட்டும் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

வால் சுருள் பிரிந்தது. காது படுத்தது. கயிற்று வேலியை ஒரே தாவில் தாண்டினாள். திறந்திருந்த தோப்பு வாசல் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் பாய்ந்தாள். அவள் பின்னே, தாய்மார்களே, என் ரக்ஷா!

ஒரு கம்பெனி வேன் பிரேக் போட்ட சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் எத்தனை முறை செத்தேன் என்று யாராவது எண்ணிச் சொல்ல முடியுமா? கத்துவதற்கு வந்த வாய் கூப்பிடுவதற்கு வரவில்லை. கைதட்டிய கை நீளவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். வேனுக்கு ஒரு முழம் தள்ளி என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தூக்கிவந்து என் கையில் போட்ட ஓட்டுநர், "இன்னாம்மா நீ, புள்ளய பெத்துட்டு இப்டியா வுட்டுட்டு நிப்ப?" என்றார்.  

ஜாங்கிரியைக் காணவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். கேளம்பாக்கம் வரை சாலையோரம் பார்த்துக்கொண்டே போனோம். பழுப்பாக எது கிடந்தாலும் ரக்ஷாவின் கண்ணைப் பொத்தினேன். மூன்றாம் நாள் காலை எல்லம்மாள் அம்மாவிடமிருந்து போன். "உன் ஜாங்கிரி இங்கதான் பலகைக்கடில கீது, வந்து இட்டுகினு போ."

போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"அதாண்ட போயி அந்த வார்த்தய சொன்னியா? ஏன் கண்ணு, பொறந்ததுலேந்து அந்த ஒரு வார்த்தயதானே அது கேட்டுகினு கீது. சொல்றவன் கையில கல்லு இருக்கும். முந்நூறு பேரு சேந்து சொன்னா அது இன்னா நெனைக்கும்? முந்நூறு கல்லு வர்துன்னு நெனைக்கும்."

முந்நூறு கல்! அவையோரே, வீசியவர்கள் நாம். கையில் ஒன்றும் இல்லாமல் வீசினோம். பல்லவன் செவியில் பூவாக விழுந்த சொல், ஜாங்கிரி முதுகில் கல்லாக விழுந்தது. சொல் ஒன்றுதான், செவி இரண்டு. இதை அறியாமல் எந்த நாய்க்கு இலக்கு எழுத முடியும்?

"இந்த வருஷம் நான் இட்டுகினு போறேம்மா" என்று பதினோரு மாதமாக ரக்ஷா கேட்டாள். பதினோரு மாதமும் முடியாது என்றேன். போன வாரம் படிவத்தை அவளே நிரப்பிக்கொண்டு செயலாளரிடம் போய் நின்றாள். இலக்குக் கட்டத்தைப் படித்த காசிநாதன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இன்னாம்மா இது? 'மூணு கம்பு தாண்டணும், வால் சுருண்டே இருக்கணும்'னு எழுதிகீற. வாலுக்கெல்லாம் யாரு மார்க் போடுறது?"

"நான் போட்டுக்கறேன் மாமா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். படிவத்தில் முத்திரை விழுந்தது.

இன்னும் சிறிது நேரத்தில் ரக்ஷாவும் ஜாங்கிரியும் களத்துக்கு வருவார்கள். மூன்றே கம்பு. பிறகு திரும்பிவிடுவார்கள். நான்காவது கம்பு இருக்கிறதே என்று யாரும் ஏங்க வேண்டாம். அது பல்லவனுக்கு, அவன் தாண்டும்போது மாமரம் அதிரக் கத்துங்கள். உங்கள் படிவங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாய்கிற காலுக்கும் பதுங்குகிற காலுக்கும் ஒரே கோடா? மூட்டு வலிக்கிற கிழவனுக்கும் முளைக்காத பல்லால் கயிற்றைக் கடிக்கும் குட்டிக்கும் ஒரே கோப்பையா? கூட்டத்தைக் கண்டு குரைக்காமல் உட்கார்ந்தால் அது வெற்றி இல்லையா? அந்த இலக்கை எழுதியது யார், நாயின் கண்ணைப் பார்த்த நாமா, அலமாரியில் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்த நாமா? பேனா செயலாளர் மேசையில் இருக்கிறது. அடித்து எழுதினால் அண்ணன் கடிக்க மாட்டார்!

அச்சம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி இறங்கினால் பொய்யாகிவிடும். தோப்பு வாசலைச் சடையப்பன் ஐயா பூட்டிவிட்டார். மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். நான்காம் முறை போனபோது, "யம்மா, கதவு கையோட வந்துடப் போவுது, வுடு" என்றார். கதவை விட்டுவிட்டேன் ஐயா. என் மகள் கையை விடுவதுதான்...

அதோ, வேப்பமரத்தடியில் ரக்ஷா எழுந்துவிட்டாள். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறாள்.

மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் கைதட்டலுக்கு ஏங்குவார்கள். நான் கைதட்டாமைக்குக் கெஞ்சுகிறேன். உங்கள் கைகளை மடியில் வையுங்கள். பிள்ளைகளின் வாயைப் பொத்துங்கள். அந்த இரண்டெழுத்தை விழுங்கிவிடுங்கள். முந்நூறு பேர் சேர்ந்து ஒரு சத்தமும் போடாமல் இருப்பதைவிடப் பெரிய பரிசை நான் கேட்கத் தெரியாதவள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கு நன்றி. பலகைக்கடியில் இடம் கொடுத்த எல்லம்மாள் அம்மாவுக்கு நன்றி. ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டேன், இனி என் குரல் முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்கும்.

கம்பைப் பார்க்காதீர்கள். என்னையும் பார்க்காதீர்கள். வாலை மட்டும் பாருங்கள்.

வணக்கம்.