குங்குமம் வைத்த சீன எழுத்து

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை. பேருந்து கோட்-டெ-நெய்ஜ் என்ற மேட்டுச் சாலையில் பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஒரு தமிழ்த் தம்பதி. அந்த அம்மாள் வாயைத் திறந்ததும் நான் செய்தித்தாளைப் படிப்பதை நிறுத்தினேன். படிப்பதுபோல் பிடித்திருந்தேன்.

“என்னங்க, வெங்கலக் கிண்ணத்துல இருக்கிற சீன எழுத்துக்குக் குங்குமம் வச்சிட்டேன்.”

“அர்த்தம் தெரியறவரைக்கும் பூஜைல வைக்காதேன்னு சொன்னேனே! சர்ச்ல பழைய சாமான் விக்கிற பஜார்ல வாங்கினது. அஸ்தி வைக்கிற கிண்ணமா இருந்தா?”

“நாலு மாசமா இதையேதான் சொல்றீங்க. உங்க லேப்ல இருக்கிற சீனாக்காரர் என்ன சொன்னார்?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, படிந்திருந்த ஆவியைத் துடைத்தார்.

“அவருக்கே படிக்கத் தெரியலை. அவர் மாமனார்கிட்ட பெரிய அகராதி இருக்குன்னு அந்த எழுத்தை எழுதிக்கிட்டுப் போனார். நேத்துதான் வந்து சொன்னார். அதுல இந்த எழுத்து இருக்காம்.”

“என்னன்னு போட்டிருக்கு?”

“எப்படி உச்சரிக்கணும்னு தெரியாது, அர்த்தமும் தெரியாதுன்னு போட்டிருக்காம்.”

“அச்சடிச்ச புஸ்தகத்துலயா?”

“அச்சடிச்ச புஸ்தகத்துலதான். பல நூறு வருஷமா யாருக்குமே தெரியாதாம்.”

அம்மாள் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“வாயால சொல்ல முடியாது, அர்த்தமும் யாருக்கும் தெரியாது, ஆனா இருக்கு. சாமின்னா வேற என்னங்க? மணிக்கயித்தை இழுங்க, இறங்கிப் பூ வாங்கணும்.”