ஒரு கைப்பிடி மாவு

உருளைக்கிழங்கைத் துருவினால் மட்டும் போதாது, சார்ஜென்ட். துணியில் கட்டி, தண்ணீரெல்லாம் போகப் பிழிய வேண்டும். அப்போதுதான் மில்காவோ அடை வேகும்போது விண்டு போகாது. என் மனைவி எர்சீராவின் அடை ஒருநாளும் விண்டதில்லை. அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. இப்போது நானே பிசைந்துகொள்கிறேன்.

அந்தப் பெண் யஸ்னா வந்த அன்றும் நான்தான் பிசைந்தேன். எதிர்த் தீவிலிருந்து சிறு படகைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறாளாம். படித்தவர்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றால் நான் முதலில் கையைத்தான் பார்ப்பேன். அவள் கையில் போன் இருந்தது.

"தோன் பல்தோ, உங்க வீட்டம்மா எங்க வகுப்புல ரொம்பப் பிரபலம், தெரியுமா?"

"செத்தவளுக்கு என்ன பிரபலம்? அடுப்புப் பக்கம் வா, தொப்பலா நனைஞ்சிருக்கே."

சில வருடங்களுக்கு முன் ஒரு பேராசிரியை வந்து எர்சீரா சொன்ன கதைகளைப் பதிவு செய்துகொண்டு போனார். நான் விறகு வெட்டப் போயிருந்தேன். அந்தக் குரல் இப்போது இணையத்தில் ஒரு கதைக் கிடங்கில் இருக்கிறதாம். இலக்கியத் தரவுத்தளம் என்றாள். நம் சிலோயே தீவுகள் முழுக்க யார் யாரோ சொன்னதெல்லாம் அதில் உண்டு. ஒரு கதையின் பேரைத் தட்டினால், அதை எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னார்களோ அத்தனையும் வரிசையாக வந்து நிற்குமாம். மற்றவர் யாரும் சொல்லாததை ஒருவர் மட்டும் எங்கே சொல்கிறார் என்று தேடிப் பிடிக்க வேண்டும். பேராசிரியை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் வேலை அது.

உளவு பார்ப்பதற்குப் படித்தவர்கள் பாடம் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் எடுத்த கதை இதுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை மீன் பிடிக்கப் போகிறான். கடல்பெண் ஒருத்தி ஆசைப்பட்டு அவனை இழுத்துக்கொள்கிறாள். மணப்பெண்ணை அவன் தம்பி கட்டிக்கொள்கிறான்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. இப்ப உங்க வீட்டம்மா சொல்றதைக் கேளுங்க," என்று போனைத் தட்டினாள்.

எர்சீரா என் அடுப்படியில் பேசினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக.

"கடல்பெண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. படகு அடியில தண்ணி வடியற ஓட்டையை ஒரு மரக்கட்டை வச்சு அடைச்சிருப்பாங்க இல்லியா? தம்பிக்காரன் அதைப் பிடுங்கிட்டு, கிழங்கு மாவை அப்பி வச்சான். நடுக்கடல் வரைக்கும்தான் அது தாங்கும். அன்னிக்கு அந்தக் கல்யாணப் பொண்ணு பிசைஞ்சு வச்ச மாவுல ஒரு கைப்பிடி குறைஞ்சுது."

ஆயுள் முழுக்க எனக்குச் சமைத்துப் போட்டாள், சார்ஜென்ட். மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் அண்ணன் நோல்பெர்த்தோவின் பேச்சு வந்தால் எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளுவாள், அவ்வளவுதான். என்னிடம் கேட்காததை யாரோ ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அது என்னைச் சுட்டது, மறைக்கவில்லை.

"இந்த மாவு மட்டும் எங்கேருந்து வந்துச்சு, தோன் பல்தோ?"

"கெழவி ஏதாவது உளறியிருப்பா. இரு, சாப்பிட்டுப் போ. வெறும் வயித்தோட அனுப்பினா கனவுல வந்து திட்டுவா."

சிரித்தாள். நான் கிழங்கு துருவினேன். ஒரு கைப்பிடியை மட்டும் சரியாகப் பிழியவில்லை. அடை வேகும் நேரத்தில் விறகு எடுக்க வெளியே போனேன். கடல் உள்வாங்கி, அவள் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. திரும்பி வந்தபோது, கருகிவிடக் கூடாதே என்று அவளே அடையைத் திருப்பிப் போட்டிருந்தாள். நல்ல பெண். வயிறாரத் தின்றாள்.

நீர் ஏறியதும் படகைத் தள்ளிவிட்டேன். உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நான் காலையிலயே எழுதி அனுப்பிட்டேன், தோன் பல்தோ. அந்த மாவு உங்க வீட்டம்மாவோட சொந்தக் கற்பனைன்னு. தினம் சமைக்கிறவங்களுக்குத்தான் இப்படித் தோணும்னு எழுதினேன். சும்மா உங்களையும் ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்போதுகூடக் கூப்பிட்டிருக்கலாம். தண்ணீர் முழங்காலளவுதான். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாதவள் எதற்கு, யாரும் கேட்காமலே, அப்படிச் சமாதானம் சொல்ல வேண்டும்? தெரிந்தவள்தான் சொல்வாள். கை காட்டினாள். நானும் காட்டினேன்.

இதோ, அவள் படகின் கட்டை. கூட இருக்கும் உளுத்த கட்டை நோல்பெர்த்தோவுடையது.

நான் கொடுமைக்காரன் இல்லை, சார்ஜென்ட். அந்தப் பெண்ணைக் கடல் இழுத்துக்கொண்டது என்றுதானே நீங்களும் எழுதி முடித்திருந்தீர்கள், நானாகத்தான் வந்திருக்கிறேன். அந்தப் பேராசிரியையிடம் பேசி, எர்சீராவின் இந்த ஒரு கதையை மட்டும் கிடங்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். வகுப்பில் இன்னும் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்களாம், வருஷா வருஷம் புதிதாகவும் சேர்கிறார்களாம். ஒவ்வொருவராகக் கிளம்பி வந்தால், இந்த வயதில் எத்தனை பேருக்குத்தான் நான் மாவு பிசைவேன்?