வாசலின் பூசிய கேசட்டுகள்

ராபர்ட்சன்பேட்டை டிவி ரிப்பேர் கடையில் என் ரேடியோவை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வீடியோ கேம் கேசட்டுகளைப் பரப்பினார்.

"எல்லாத்துக்கும் வாசலின் பூசினேன் தம்பி. இப்ப ஒண்ணுகூட ஓட மாட்டேங்குது."

கடைக்காரர் ஒன்றை எடுத்து முனையைத் தொட்டார். விரல் வழுக்கியது.

"வாசலின் இன்னாத்துக்குங்க?"

"கோல்டு மைன்ல, லேம்ப் ரூம்ல வேல பாத்தேன். ஆளுங்க தலையில மாட்டற லேம்புக்கு, பேட்டரி முனையில பச்சக் களிம்பு ஏறாம இருக்க அதத்தான் பூசுவோம்."

"அது திருகி இறுக்கற முனை. இது சும்மா தொட்டுக்கினு நிக்கறது. பிசுக்குல தூசி ஒட்டிக்கிச்சு."

"கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க, ஸ்பிரிட்ல தொடச்சா சரியாய்டும். யாரு ஆடறது, பேரனா?"

"என் பொண்ணோடது. அவளா ஒருத்தர கட்டிக்கினு போயி மூணு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழம வரேன்னு சொல்லியிருக்கா."

கடைக்காரர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். "யாரும் ஆடலன்னா அப்பிடியே டப்பாவுல உட்டிருக்கலாம் இல்ல?"

"எப்பிடி உடறது? ஆளு லீவுல போனாலும் அவன் லேம்ப தொடச்சி சார்ஜ் போட்டுத்தான் வெப்போம். எப்ப வந்து கேட்டாலும் எரியணும் இல்ல."

கடைக்காரர் என் ரேடியோவை ஓரமாக நகர்த்திவிட்டு, இன்னொரு பஞ்சை நனைத்து பெரியவரிடம் நீட்டினார்.