ஒரிஜினல் ஃபாரின் வால்வு

செல்வக்குமார்: பாட்டுக்கு நடுவுல அணைஞ்சுருச்சுண்ணே. நான் பாட்டுக்குக் கிதார் கம்பியத் தடவிக்கிட்டே நிக்கேன்.

சங்கையா: சத்தம் வரலன்னு யாரும் சொல்லலையா?

செல்வக்குமார்: யாருக்கும் தெரியல. அதுதான் வயித்தெரிச்சல்.

சங்கையா: அப்ப இந்த ஆம்ப்ளிஃபயர எதுக்குலே தூக்கிட்டு வந்த?

செல்வக்குமார்: வெளயாடாதீக. இன்னைக்கு ஏழு மணிக்குப் பங்குனிப் பொங்கல் கச்சேரி. இதுலயும் அணைஞ்சா கிதாரே வேண்டாம்னு லட்சுமிகாந்தம் அண்ணாச்சி சொல்லிட்டாரு. ட்ரூப்பு அவருது. கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா கிதார் சத்தம் வருதாம்.

சங்கையா: அது நடுவுல அணையாதுல்லா.

செல்வக்குமார்: அண்ணே…

சங்கையா: சரிலே, சரிலே. இங்கன பாரு. இந்தக் கண்ணாடி வால்வு ரெண்டும் காலி. எப்ப மாட்டுன?

செல்வக்குமார்: தைப்பொங்கலுக்கு. மதுரையில வாங்குனது. புத்தம் புதுசு.

சங்கையா: அதான் கெட்டுச்சு. முந்தி ஒரு வால்வ மாட்டுனா வருசக்கணக்கா மறந்துரலாம். இப்ப வாரதுக்கு நம்மூரு கம்பி மத்தாப்பு தேவல… நின்னு எரியும்.

செல்வக்குமார்: வால்வ மாத்துனாப் போதுமா?

சங்கையா: எங்க போதும்? அது உக்காருத சாக்கெட்ட நேரா போர்டுலயே பத்த வச்சிருக்கான். சூட்டுல ஈயம் விட்டு, போர்டு கருகிருச்சு. போர்டையே மாத்தணும்பான் கம்பெனிக்காரன். கேட்டா அந்த மாடலே இப்பப் போடலம்பான்.

செல்வக்குமார்: ரெண்டாயிரத்தஞ்சுல செஞ்சதுண்ணே! ரெண்டு வருசந்தான் ஆச்சு!

சங்கையா: கத்தாத. வயர் இழுத்து ஒட்டுப் போடுதேன். அது கெடக்கட்டும், பிரஸ்ஸுல அச்சடிக்கிற வேல எப்படி?

செல்வக்குமார்: விட்டுட்டேன்ணே. கலையா, வேலையான்னு யோசிச்சேன்… கலைதான்னுட்டேன்.

சங்கையா: அம்புட்டுத் தைரியமா! இந்தா, கலைஞருக்கு ஏத்த வால்வு. ஒரிஜினல் ஃபாரின். என் மச்சினன் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்தான்.

செல்வக்குமார்: அந்த அட்டை டப்பாவக் குடுங்க…

சங்கையா: வால்வப் பாருலே. டப்பாவ எதுக்கு வெளிச்சத்துல பிடிக்க?

செல்வக்குமார்: செவப்பு மை ஒரு நூலளவு கோட்டுக்கு வெளிய நகந்திருக்கு.

சங்கையா: ஃபாரின்ல அப்படித்தான் அடிப்பான்.

செல்வக்குமார்: நம்மூரு நாரணாபுரம் ரோட்டு பிரஸ்ஸுல அடிச்ச டப்பாண்ணே இது. ஆர்டர் குடுத்தவன் வேண்டாம்னு தள்ளுனது.

சங்கையா: டப்பாவ இங்கன குடுலே.

செல்வக்குமார்: மச்சினன் நாரணாபுரத்துலயா இருக்காக?

சங்கையா: சரி… டப்பாவக் கழிவுக் கடையில வாங்குனேன். ஆனா உள்ள இருக்கது நல்ல சரக்குலே. இடிச்ச சினிமாக் கொட்டகை ஒண்ணு, அங்கன கெடந்த ஆம்ப்ளிஃபயர்ல கழட்டுனது. ஒன் புதுச விட ஓடும். காயிதத்துல சுத்திக் குடுத்தா பளசுன்னு மூஞ்சியச் சுளிக்கானுக. டப்பாவுல போட்டுக் குடுத்தா கும்பிட்டு வாங்குதானுக. நான் என்ன செய்ய?

செல்வக்குமார்: மாட்டுங்க.

சங்கையா: இரு. தள்ளுன டப்பான்னு ஒனக்கு எப்படிலே தெரியும்?

செல்வக்குமார்: மெஷின்ல நின்னது நான்தான். நைட் ஷிப்ட்டு. நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்… முழிச்சுப் பாத்தா எட்டாயிரம் டப்பாவுலயும் செவப்பு நகந்துருச்சு. கலையாவது கத்தரிக்காயாவது… வெளிய போடான்னாக, வந்துட்டேன். இந்த மேடையும் போச்சுன்னா போக இடமில்லண்ணே. சீக்கிரம் மாட்டுங்க.