டாக்டர் சொன்ன வார்த்தை

தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் தலையில் துண்டு கட்டியிருந்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர் என்று பேச்சில் தெரிந்தது. அவருக்கு மலாய் போதாது; டாக்டர் சொல்வதைக் கேட்டுச் சொல்லத் துணைக்குப் போனவள் செல்வி. அவள் மடியில் ஒரு மலாய் நாவல், ஓரமெல்லாம் பென்சிலால் எழுதிய அர்த்தங்கள்.

"டாக்டர் 'மெரெபாக்'னு சொன்னாரே, அது என்னடி?"

"அந்த வார்த்தை என் நாவல்ல இன்னும் வரலைக்கா."

"பாதிப் புக்கு முடிச்சிட்டேன்னு தோட்டம் பூரா பீத்திக்கிட்ட."

"மீதிப் பாதியில வரும்லா."

அதற்குப் 'பரவுதல்' என்று பொருள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் இரண்டு வளைவு ஏறியது.

"செல்வி, தெரியாத வார்த்தை காதுல விழுந்தா, கொழுந்து பறிக்கிற எடத்துலகூட பென்சில எடுத்துருவ. இன்னிக்கு டாக்டர் முன்னாடி நீ எடுக்கவே இல்லையே."

செல்வி குனிந்தாள்; மடியிலிருந்த நாவலில் கண்ணீர் சொட்டியது.

"எது வரைக்கும் போயிருக்காம்?"

"ஈரல் வரைக்கும்க்கா."

அவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"மொதல்ல மூஞ்சியத் தொடைச்சுக்க. என் மவ பார்த்தா கண்டுபிடிச்சிருவா. அவளுக்குப் பரீட்சை முடியட்டும்."