பக்கத்து ஆள் இருக்கிறாரா?

இத்தாலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தயவுசெய்து மீன் பொரியல் கட்டிக்கொண்டு வராதீர்கள். கொலோனில் பொதியை அவிழ்த்தால் வெனிஸில் இறங்கும்வரை அந்த மணம் பஸ்ஸை விட்டுப் போகாது. றோல்ஸ் நல்லது. இடியப்பமும் சம்பலும் அதைவிட நல்லது.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பொறுப்பான வசுந்தரா ரீச்சர், "கிறிஸ்தோப்பர் அண்ணை, உங்கட இத்தாலிப் பயணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாங்கோ. போற சனத்துக்கு உதவியாய் இருக்கும்" என்று கேட்டார். நானும் ஓம் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகு இது இரண்டு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. வேண்டாததை ரீச்சர் வெட்டிக்கொள்ளட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கொலோனில் ஓர் இத்தாலிக்காரரின் உணவகத்தில் சமைக்கிறேன். முதலாளிக்கு ஊர் வெனிஸ் பக்கம். அவரோடு அடுப்படியில் நின்று நின்றே இத்தாலி மொழி எனக்கு வந்தது. ஒவ்வொரு ஆனி மாதமும் பாதுவா நகரத்து அந்தோனியார் திருநாளுக்கு நம்மவர்களைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறவன் நான்தான். மற்ற ஊர்ச் சங்கங்களும் போகின்றன. கோவிலுக்குள் போவார்கள், மெழுகுதிரி கொளுத்துவார்கள், சாப்பிடுவார்கள், திரும்புவார்கள். நான் அப்படி இல்லை. நான் சனத்துக்குச் சித்திரமும் காட்டுவேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெனிஸில் பெரிய கலைக் கண்காட்சி நடக்கும். ஆனித் தொடக்கத்தில் திறந்துவிடுவார்கள், ஆகவே திருநாளுக்கு முதல்நாள் பார்த்துவிடலாம். ஒரு பூங்காவுக்குள் நாட்டுக்கு ஒரு வீடு கட்டி வைத்திருப்பார்கள். கால் வலிக்கிறவர்கள் அங்கே போகத் தேவையில்லை. ஊருக்குள் பழைய மாளிகைகளிலும் களஞ்சியங்களிலும் சின்னக் கண்காட்சிகள் நடக்கும், நல்ல நிழல். ஒன்று மட்டும் கவனம். கதிரை கிடக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. எங்கள் அக்கா ஒருவர் அப்படி உட்கார்ந்து செருப்பையும் கழற்றிவிட, நாலு வெள்ளைக்காரர் நின்று படம் எடுத்தார்கள். கதிரைதான் அங்கே காட்சிப்பொருள்.

இனி என் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் பஸ் புறப்படுமுன் நான் தலை எண்ண மாட்டேன். எண்ணிக்கை பிழைக்கும். மைக்கைப் பிடித்து, "பக்கத்து ஆள் இருக்கிறாரா?" என்று கேட்பேன். ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "ஓம்" சொல்ல வேண்டும். நித்திரை கொள்கிறவர்களையும் தட்டி எழுப்புவேன். கடைசியாக என் பக்கத்து ஆளைப் பார்த்து நானும் ஓம் சொன்ன பிறகுதான் சாரதி வண்டியை எடுப்பார். இந்த முறையில் ஆள் தவறவே முடியாது. இதை எல்லாச் சங்கங்களும் பின்பற்றலாம்.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டுப் பயணத்தில் ஒருவர் தவறிப்போனார் என்று சிலர் இன்னும் கதைக்கிறார்கள். அதைப் பற்றியும் எழுதிவிடுவது நல்லது.

அவனுடைய பெயர் யூட்சன். அகதி விடுதியில் இருந்தான். சனிக்கிழமைகளில் நம்முடைய பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுப்பான், கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு மேடைத்திரை கீறித் தருவான். நல்ல கை. கோபமே வராது. என் மகள் யூலியா அப்போது தொழிற்பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தாள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் அவனுக்குத் தண்ணீர் வார்த்த விதத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் மனைவி யோசப்பினுக்கு அதற்கு முன்பே விளங்கியிருந்தது.

நான் சாதி பார்க்கிறவன் இல்லை. ஒருவரிடமும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவனும் எங்கள் ஊர்ப் பக்கத்தான் என்று கதைத்தபோது தெரிந்தது. ஊரில் எங்கள் பங்குக் கோவிலில் திருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் நவநாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பகுதியாருடையது. எந்த நாள் யாருடையது என்பது வெள்ளைக்காரச் சாமிமார் காலத்திலேயே பிரித்த பிரிப்பு. சாதி கேட்பது அநாகரிகம், நவநாள் கேட்பது பக்தி.

"தம்பி, உங்கட ஆக்கள் எத்தினையாம் நாள்?" என்று கேட்டேன்.

அவனுக்குக் கேள்வி விளங்கியது. சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கையை எடுத்து, என் முகத்தை நேரே பார்த்துச் சிரித்தான். "நாலாம் நாள், அங்கிள்."

நாங்கள் ஒன்பதாம் நாள். நான் அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி இறைச்சிக்கறி போட்டேன்.

அவன் போன பிறகு யோசப்பின், "பெடியனில என்ன குறையப்பா? உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டாள். கத்துகிற ஆள் நான் இல்லை. கத்தியிருந்தால் பிள்ளை அடுத்த கிழமையே அவனோடு போயிருக்கும். பெற்ற பிள்ளையைப் பற்றித் தகப்பனுக்குத் தெரியாதா? ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. மைக்கைப் பிடித்தால் எழுந்து நின்று கேட்கிற சனம், நாளைக்கு என் முதுகுக்குப் பின்னால் நாலாம் நாள் என்று சொல்லிச் சிரிக்கும். இந்த நாட்டில் எனக்கு இருந்ததே அந்த மரியாதை ஒன்றுதான்.

அவனிடம் இருந்தது டுல்டுங். இந்த நாட்டில் இருக்க உனக்கு உரிமை இல்லை, திருப்பி அனுப்பும்வரை பொறுத்துக்கொள்கிறோம் என்று அரசாங்கம் கொடுக்கிற தாள். அந்தத் தாளோடு எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டிய கணமே அது செத்துவிடும். இது யூட்சனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீரும் வாருமன் தம்பி. இத்தாலியைப் பாக்காமல் நீர் என்ன சித்திரம் கீறுறீர்?" என்றேன்.

"ஆசைதான் அங்கிள். ஆனால் என்ர பேப்பரோட ஏலாதே."

"பஸ்ஸை மறிச்சு ஆர் பாக்கிறாங்கள்? எத்தினை பேரைக் கூட்டிக்கொண்டு போய் வந்திட்டன். நான் இருக்கிறன்தானே."

யூலியாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை. அப்பா அவரை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை.

அவனை முன் இருக்கையில் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். எல்லாருடைய அடையாளப் பத்திரங்களையும் வாங்கி என் இடுப்புப் பைக்குள் வைத்தேன். அது என் வழக்கம், வெனிஸில் களவு கூடுதல். இதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

வெனிஸில் கால்வாய் ஓரமாகப் பழைய களஞ்சியம் ஒன்றில் ஒரு கண்காட்சி இருந்தது. பெரிய சுவர் முழுக்கக் கரியால் கடல் கீறியிருந்தார்கள். வேறு ஒன்றும் இல்லை, கடல் மட்டும்தான். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள். யூட்சன் அதன் முன்னால் நின்றபடி நின்றான்.

"அங்கிள், எங்கட கடல் மாதிரியே கிடக்கு" என்றான். கண் கலங்கியிருந்தது.

"ஆறுதலாய்ப் பாரும். சனத்தை ஒரு சுத்துக் காட்டிப்போட்டு நானே வந்து கூட்டிக்கொண்டு போறன். நான் வருமட்டும் இந்த இடத்தை விட்டு அசையாதையும்."

சனத்தைச் சுற்றிக் காட்டினேன். பிறகு வேறு பாதையால் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறியதும் மைக்கைப் பிடித்து, "பக்கத்து ஆள் இருக்கிறாரா?" என்று கேட்டேன். எல்லாரும் ஓம் என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

பாதுவா விடுதியில் இறங்கியபோதுதான் சனத்துக்குத் தெரிந்தது. நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "ஐயோ, பின்சீற்றில படுத்திருக்கிறார் எண்டெல்லோ நினைச்சன்!" திரும்பிப் போவோம் என்றார்கள். சாரதி அன்றைக்கு ஓடக்கூடிய நேரம் முடிந்துவிட்டது, சட்டப்படி அவர் வண்டியைத் தொட முடியாது. நானே ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஒரு கோப்பி குடித்தேன். நல்ல கோப்பி. பிறகு அடுத்த ரயிலில் திரும்பி வந்து, காணவில்லை என்று சொன்னேன். சில அக்காமார் எனக்காகவும் சேர்த்து அழுதார்கள்.

மறுநாள் திருநாள். யூட்சன் தெருத்தொலைபேசியிலிருந்து எனக்கு எடுத்தான்.

"அங்கிள், நான் அங்கயேதான் நிக்கிறன். கதவு பூட்டினாப் பிறகும் வாசலில நிண்டனான். நீங்கள் வந்து தேடியிருப்பியள், நான்தான் எங்கயோ பிழைவிட்டிட்டன்போல."

"ஓம் தம்பி, வந்து பாத்தனான், உம்மைக் காணேல்லை. பொலிசிட்டப் போய் உண்மையைச் சொல்லும். அவங்கள் உதவி செய்வாங்கள்" என்றேன்.

"உங்களுக்குச் சரியான கரைச்சல் தந்திட்டன் அங்கிள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எவ்வளவு மரியாதையான பிள்ளை பாருங்கள். நான் சொன்னபடியே செய்தான்.

அந்தோனியாருடைய கல்லறையில் கையை வைத்து மன்றாடுவது வழக்கம். தொலைந்தவர்களுடைய படங்களையும் அங்கே வைப்பார்கள். அவனுடைய டுல்டுங்கில் படம் ஒட்டியிருந்தது. அந்தத் தாளை முதல்நாள் காலையிலேயே அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சனத்துக்குச் சொல்லியிருந்தேன். அதை நாலாக மடித்து அந்தப் படங்களுக்கு நடுவில் வைத்தேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவது அவருடைய வேலை. பொறுப்பை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். இத்தாலியில் அவனைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அவன் யூலியாவோடு கதைத்தபோதெல்லாம், "அப்பாவைக் கோவிக்காதையும், அவரில பிழையில்லை" என்று சொன்னானாம். வக்கீலிடம் அவளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு தவணையும் தவறவிடவில்லை. கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நின்றான். ஒரு நாள் கடைக்குப் போய்த் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றவனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அதோடு ஆளைக் காணவில்லை என்று லொட்ஜ்காரர் சொன்னார். அந்த வானை நான் ஓட்டவில்லை. நான் செய்தது ஒரு சொல் சொன்னதுதான். ஓம் என்றேன்.

இந்த வருடம் ஆனியில் பஸ் போனது உங்களுக்கு நினைவிருக்கும். வைகாசியில்தான் வன்னிப் போரில் எல்லாம் முடிந்திருந்தது. பஸ்ஸில் ஒருவரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. எல்லாருடைய கைப்பையிலும் ஒரு படம் இருந்தது, சிலரிடம் ஒரு குடும்பத்தின் படமே இருந்தது. யூலியாவும் வருகிறேன் என்றாள். இரண்டு வருடமாக என்னோடு அளவாகத்தான் கதைத்தாள், கலியாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். இப்போது தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை சரியாகிவிட்டது என்று எனக்குச் சந்தோசம்.

முதல் தரிப்பில் மைக்கைப் பிடித்துக் கேட்டேன். வரிசையாக ஓம் என்றார்கள். நானும் அவளைப் பார்த்து ஓம் என்றேன். வண்டி ஓடத் தொடங்கியது.

"அப்பா, அண்டைக்கு அவர் எந்தச் சீற்றில இருந்தவர்?"

"இதிலதான். உன்ர சீற்றில."

"பின்சீற்றில நித்திரை கொள்ளுற ஆக்களை எழுப்பாமல் விடுறனீங்களே?"

"ஒருநாளும் விடமாட்டன். தட்டி எழுப்பிப் போட்டுத்தான் ஓம் சொல்லுவன். அதுதானே என்ர முறை" என்றேன். முறையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குச் சொல்லப் பிடிக்கும்.

பாதுவாவில் அவள் யூட்சனுடைய படத்தைக் கல்லறையில் வைத்தாள். நானும் அவளுக்குப் பின்னால் நின்று மன்றாடினேன்.

யூட்சனை நான் மறந்துவிட்டு வரவில்லை. தெரிந்துதான் விட்டுவிட்டு வந்தேன். அந்த ஒரு முறையும் என் முறை பிழைக்கவில்லை என்பதை மலரில் பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பிள்ளைக்காகத்தான் செய்தேன். அவள் இப்போது எர்லாங்கனில் தனியாக இருக்கிறாள், தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாள். வேலை கூடவாக இருக்கும். காலம் போகப் போக விளங்கிக்கொள்வாள்.

இந்த வருடம் பாதுவாவிலிருந்து புறப்படும்போதும் வழக்கம்போலக் கேட்டேன். எல்லாரும் ஓம் என்றார்கள். யூலியா என் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கினாள்.

"இல்லை. என்ர பக்கத்தில ஒருத்தரும் இல்லை" என்றாள்.

பஸ் முழுக்கக் கேட்டது. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீண்ட பயணத்தில் சிலருக்கு இப்படித் தலை சுற்றுவது உண்டு. வருகிறவர்கள் கையில் முகர்ந்து பார்க்க ஒரு தேசிக்காய் வைத்திருப்பது நல்லது.